நர்சம்மா வரும்போது வீட்டையும் காட்டுங்கள்

கங்கைகொண்ட சோழபுரத்தில் ஒரு வீட்டு வாசலுக்கு எத்தனை சுகாதாரப் பணியாளர்கள் வந்து போகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கர்ப்பிணியையும் கைக்குழந்தையையும் பார்க்க கிராம சுகாதார செவிலியர் வருகிறார். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்க மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் தன்னார்வலர் வருகிறார். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு மகளிர் சுய உதவிக் குழுப் பெண்களைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். மழைக்காலம் வந்துவிட்டால் தொட்டியிலும் பழைய டயரிலும் கொசுப்புழு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க இன்னொருவர் வருவார். அங்கன்வாடிப் பணியாளரும் வருவார்.

இத்தனை பேர் வந்தும், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் பூச்சி மருந்து டப்பா இருப்பதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் கேள்வி அவர்களுடைய நோட்டில் இல்லை. நீங்கள் வார்டு உறுப்பினராகவோ, குழுத் தலைவியாகவோ, வீட்டுக்காரராகவோ இருந்தால் அந்தக் கேள்வியை நோட்டில் ஏற்றுவது எப்படி என்பதற்காகத்தான் இந்த அத்தியாயம்.

முதலில் ஓர் அயலூர்க் கதை. 1970-களின் தொடக்கத்தில் நியூயார்க் நகரில் சின்னக் குழந்தைகள் மாடி ஜன்னல் வழியாக விழுந்து இறப்பது வாடிக்கையாக இருந்தது. நகரின் சுகாதாரத் துறை 1972-ல் ‘குழந்தைகளால் பறக்க முடியாது’ என்ற பெயரில் ஒரு திட்டம் தொடங்கியது. செவிலியர்கள் வீடு வீடாகப் போனார்கள். அறிவுரையோடு நிற்காமல், ஜன்னலுக்குப் போடும் கம்பித் தடுப்பை இலவசமாகவே கொடுத்தார்கள். பிராங்க்ஸ் பகுதியில் இரண்டே ஆண்டில் விழும் குழந்தைகளின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. 1976-ல் அந்தத் தடுப்பை வீட்டு உரிமையாளர்தான் போட்டுத் தரவேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது.

இலங்கையில் விஜய கொடகும்புர என்ற அறுவை சிகிச்சை மருத்துவர், மண்ணெண்ணெய் விளக்கு கவிழ்ந்து தீப்பட்டு வருகிறவர்களுக்கு வைத்தியம் பார்த்து அலுத்துப்போனார். பழைய பாட்டிலில் திரி போட்டு எரிக்கும் வீடுகள் அங்கே ஏராளம். அவர் குட்டையான, கனமான, பக்கங்கள் தட்டையான ஒரு கண்ணாடி விளக்கை உருவாக்கினார். கவிழ்ந்தாலும் உருளாது. திருகுமூடி இருப்பதால் எண்ணெய் கொட்டாது. 1998-ல் அதற்காக அவருக்கு ரோலக்ஸ் விருது கிடைத்தது. “விளக்கைக் கவனமாக வையுங்கள்” என்று அவரும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கலாம். விளக்கை மாற்றியது அதைவிடப் பலன் தந்தது.

நம் ஊருக்கும் இதே கணக்குத்தான். பத்து வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடும் பெண்ணிடம் “ஜாக்கிரதையா இரும்மா” என்று சொல்வதால் ஒன்றும் ஆகாது. ஒரு பூட்டு, ஒரு கட்டில், ஒரு சுவிட்ச், ஒரு மூடி: எதை மாற்றலாம் என்று பாருங்கள்.

பூச்சி மருந்து

சிதம்பரம் சாலையில் கிழக்கே மீன்சுருட்டியைத் தாண்டிப் போனால் காட்டுமன்னார்கோவில் வரும். இந்த நூலில் வரும் வெளிநாட்டு உதாரணங்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்த வட்டாரத்தில் நடந்த ஒரு முயற்சி. சென்னையில் 1986-ல் ‘சிநேகா’ அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவருடைய குழுவினரும் அங்குள்ள விவசாயக் கிராமங்களில் ஊருக்குப் பொதுவான பூச்சி மருந்துக் காப்பறைகளை அமைத்தார்கள். உள்ளே பூட்டுள்ள பெட்டிகள். விவசாயி தன் மருந்தைத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, தெளிக்கும் நாளில் வந்து எடுத்துக்கொள்வார். வீட்டில் மருந்தே இருக்காது. மனம் உடைந்துபோகும் ஒரு பொழுதில் கைக்கு எட்டும் தூரத்தில் விஷம் இல்லாவிட்டால் அந்தப் பொழுது கடந்துபோகும், உயிர் தங்கும் என்பது இதன் அடிப்படை. அந்த ஆய்வு 2013-ல் வெளியானது. ஊர்க்காரர்கள் இதை ஏற்றுக்கொண்டார்கள் என்பதும், இப்படிச் செய்வது சாத்தியம்தான் என்பதும் அதில் தெரியவந்தன.

வீட்டுக்கு ஒரு பெட்டி கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். இலங்கையில் அதையும் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். பூட்டுப்பெட்டி கொடுத்த கிராமங்களுக்கும் கொடுக்காத கிராமங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று 2017-ல் முடிவு வந்தது. சாவி வீட்டிலேயே தொங்கினால் பூட்டு இருந்து என்ன? பெரியவர்கள் விஷயத்தில் மருந்து வீட்டை விட்டே வெளியேற வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான். குழந்தைகள் விஷயத்தில் பூட்டுப்பெட்டி கட்டாயம் உதவும். மூன்று வயதுப் பிள்ளைக்குச் சாவி போடத் தெரியாது.

இதை எப்படிக் கேட்பது என்பதும் முக்கியம். “விஷம் எங்கே வைத்திருக்கிறீர்கள்” என்று ஆரம்பித்தால் கதவு சாத்தப்படும். நம் ஊர்ச் செவிலியர் ஒருவர் கேட்கும் விதம் எனக்குப் பிடிக்கும்: “ஆயா, எலி தொல்லை எப்படி இருக்கு? என்ன வைக்கிறீங்க?” எலியில் தொடங்கிய பேச்சு தானாகப் பரணுக்குப் போகும். அங்கே இருப்பதையெல்லாம் ஆயாவே எடுத்துக் காட்டிவிடுவார்.

அப்படி எடுத்ததும் பார்க்கவேண்டியவை இரண்டு. லேபிளில் உள்ள முக்கோணம் என்ன நிறம்? சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. சிவப்பும் மஞ்சளும் வீட்டுக்குள் ஓர் இரவுகூட இருக்கக்கூடாது. அடுத்தது, மருந்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்திருக்கிறார்களா? அண்டை வீட்டாரிடம் கால் லிட்டர் கடன் வாங்கும்போது இது நடக்கிறது. வெயிலில் விளையாடிவிட்டு வரும் பிள்ளைக்கு ஆரஞ்சு பாட்டில் ஆரஞ்சு பாட்டில்தான். மண்ணெண்ணெய்க்கும் இது பொருந்தும். மண்ணெண்ணெய் குடித்த குழந்தையை வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போய் இன்னும் கெடுத்துவிடும்.

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டைத் தமிழ்நாட்டில் விற்கத் தடை உண்டு. பழைய டியூப் இன்னும் சில பரண்களில் கிடக்கிறது. பிள்ளை அதை வாயில் வைத்துவிட்டால், நன்றாகத்தானே விளையாடுகிறது என்று மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். டியூப்பையும் கையில் எடுத்துக்கொண்டு அப்போதே கிளம்புங்கள். வேலியோரக் காட்டாமணக்கு விதையும் இந்தப் பட்டியலில் உண்டு. பார்க்கக் கொட்டைப் பருப்பு மாதிரி இருக்கும். பிள்ளைகள் கூட்டாக உடைத்துத் தின்றுவிட்டு, கூட்டாக வாந்தி எடுப்பார்கள். வேலிக்கு வேறு செடி வையுங்கள்.

வீட்டில் யாராவது வாழப் பிடிக்கவில்லை என்று பேசினால் 104-ஐயோ 14416-ஐயோ எந்த நேரத்திலும் அழைக்கலாம். அன்றே மருந்து டப்பாவைச் சொந்தக்காரர் வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். பேசிச் சமாதானப்படுத்திய பிறகு மாற்றலாம் என்று இருக்காதீர்கள்.

தரையில் படுக்காதீர்கள்

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கக்கூடும் என்று 2020-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2017-ல் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் பாம்புக்கடியை அறிவிக்கை செய்யவேண்டிய நோயாக்கியது. இனி தனியார் மருத்துவமனைகளும் பாம்புக்கடி நோயாளிகளைப் பற்றி அரசுக்குச் சொல்லியாக வேண்டும். எந்த ஊரில் எந்த மாதம் கடி அதிகம் என்று தெரிந்தால்தான் விஷமுறிவு மருந்தை எங்கே வைப்பது என்று முடிவெடுக்க முடியும்.

வயலில் கடிக்கும் கண்ணாடி விரியனைப் பற்றி நம்மவர்களுக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் கட்டுவிரியன். இரவில்தான் நடமாடும். தரையில் பாய் விரித்துப் படுத்தவரைத் தூக்கத்திலேயே கடித்துவிட்டுப் போய்விடும். கடித்த இடத்தில் வீக்கம் இருக்காது, பெரிதாக வலியும் இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார். நேற்றுச் சாப்பிட்ட குழம்பின் மேல் பழி போகும். கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள். சற்று நேரத்தில் கண் இமை சொருகும், பேச்சு குழறும். தரையில் படுத்தவர் விடியலில் வயிற்றுவலி என்று சொல்லி, இமையும் தாழ்ந்தால் அது பாம்புக்கடி என்றே எண்ணி வண்டி பிடியுங்கள். கடித்த தடம் தெரியவேண்டும் என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

தடுக்க ஒரு கயிற்றுக் கட்டிலும் ஒரு கொசுவலையும் போதும். கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கடியில் செருகிப் படுத்தவர்களுக்குக் கடி குறைவு என்று நேபாளத்தில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. கட்டில் வாங்க முடியாத வீட்டுக்கும் கொசுவலை கட்டுப்படியாகும். டெங்குவுக்காக வரும் பணியாளரிடம் பாம்புக்கும் இதுதான் மருந்து என்று சொல்லச் சொல்லுங்கள். ஒரே வலையில் இரண்டு வேலை முடியும். விறகுக் கட்டையும் வைக்கோலும் வீட்டுச் சுவரை ஒட்டி இருக்கக்கூடாது. நெல் மூட்டையைத் தேடி எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும்.

கடித்துவிட்டால்: இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் ஒரு குச்சி வைத்துத் தளர்வாகக் கட்டி, படுக்கவைத்துக் கொண்டுபோங்கள். பாம்பை அடித்துக் கொண்டுவரத் தேவையில்லை. அதற்காகப் போய்க் கடிபட்ட இரண்டாவது ஆள் பல ஊர்களில் உண்டு. மருத்துவமனையில் இரண்டு மில்லி ரத்தத்தை ஒரு சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் நிறுத்திவைப்பார்கள். பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் தண்ணீர் மாதிரி ஓடினால் கண்ணாடி விரியன் வகை விஷம் வேலை செய்கிறது என்று பொருள். “ஒரு பாட்டிலில் ரத்தத்தை வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறார்களே” என்று அந்த 20 நிமிடத்தில் சண்டை போடும் உறவினர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்தக் காத்திருப்பும் வைத்தியம்தான். குழந்தைக்கும் பெரியவருக்கும் விஷமுறிவு மருந்து ஒரே அளவுதான் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைத்துக் கொடுப்பதில்லை.

கடி வருமுன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்து இருக்கிறதா, இரவில் மருத்துவர் இருப்பாரா, இல்லாவிட்டால் ஜெயங்கொண்டம் அரசு மருத்துவமனைக்கு நேரே போகவேண்டுமா என்று செவிலியரிடம் ஒரு சாதாரண நாளில் கேட்டு, பதிலைச் சுவரில் எழுதிவையுங்கள்.

அடுப்பும் முந்திரியும்

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளிச் சமையலறைத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. கொள்ளிடத்தைத் தாண்டினால் அந்த ஊர்தான். அதன் பிறகு பள்ளிக் கூரைகள் மாறின. கூரை வீடுகள் இன்னும் இருக்கின்றன. 2024-ல் வந்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் குடிசையை மாற்றி கான்கிரீட் வீடு கட்ட 3.5 லட்சம் ரூபாய் தருகிறார்கள். விண்ணப்பிப்பது பற்றி ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். அதுவரை, கீற்றுக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு தகரம் அடியுங்கள்.

கேஸ் குழாய் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டியது. தேதி அதன்மேலேயே அச்சாகியிருக்கும். சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ‘சி-27’ என்பதுபோல ஒரு குறி இருக்கும். 2027 செப்டம்பருக்குள் அதைச் சோதனைக்கு அனுப்பவேண்டும் என்பது அதன் பொருள். காலாவதியானதை வாங்காமல் திருப்பி அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு. கேஸ் கசிந்தால் தரையோடு தங்கும், அதனால் கதவைத் திறந்துவிடுங்கள். மின்சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள்.

நம் வட்டாரத்துக்கே உரிய ஆபத்து முந்திரி. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் சித்திரை, வைகாசியில் கொல்லையில் கொட்டை சுடாத வீடு குறைவு. தகரத்தில் போட்டதும் ஓட்டிலிருந்து கறுப்பாக எண்ணெய் கசியும். அது தீப்பிடித்துச் சீறித் தெறிக்கும். சூடு ஆறிய பிறகும் அந்த எண்ணெய் தோலில் பட்டால் கொப்புளம் போடும். கொட்டை உடைத்த கையால் பிள்ளை கண்ணைத் தேய்த்தால் இரவெல்லாம் அழுகைதான். முந்திரித் தொழிலாளர்கள் கையில் எண்ணெயோ சாம்பலோ பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள். வீட்டிலும் அதையே செய்யுங்கள். சுடுவது கூரைக்கு எட்டாத தூரத்தில், நீளக் கழியோடு, பிள்ளைகளைக் காற்று வரும் பக்கம் நிறுத்திவிட்டு.

தீப்புண் எதுவானாலும் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் பிடியுங்கள். பற்பசை, பேனா மை, இட்லி மாவு எதுவும் வேண்டாம். மருத்துவர் அதைச் சுரண்டி எடுக்கும்போது தோலும் சேர்ந்து வரும். குளிக்க வைத்த வெந்நீர்க் குண்டானைத் தரையில் வைத்துவிட்டுச் சோப்பு எடுக்கப் போவதுதான் கைக்குழந்தைகளுக்கு வரும் பெரிய ஆபத்து. முதலில் பச்சைத் தண்ணீர், அதன்மேல் வெந்நீர்: இந்த வரிசையைப் பழக்கிக்கொண்டால் போதும்.

கரண்ட்

2011-க்குப் பிறகு அரசு கொடுத்த மிக்சியும் கிரைண்டரும் நம் அடுப்படிகளில் இன்னும் ஓடுகின்றன. பிளக்கில் மூன்று முள் இருக்கும்; பழைய ஹோல்டரில் நுழையவில்லை என்று மூன்றாவதை ஒடித்துப் போட்டுவிடுவார்கள். ஒடித்தது எர்த். ஈரக் கையும் ஈரத் தரையும் கிரைண்டர் உடம்பும் சேரும்போது அந்த முள்தான் காப்பாற்றியிருக்கும். மெயின் பெட்டியில் இருக்கும் எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றுமே தவிர ஆளைக் காப்பாற்றாது. ஆளுக்கு வேண்டியது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. எலக்ட்ரீசியனிடம் ‘டிரிப்பர்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார். மாதம் ஒருமுறை அதில் உள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்தி, விழுகிறதா என்று பாருங்கள். வீட்டுக்குச் செய்யும் செலவில் இதைவிட உருப்படியானது எனக்குத் தெரியவில்லை.

துணி காயப்போட இரும்புக் கம்பிக் கொடி வேண்டாம், நைலான் கயிறு கட்டுங்கள். கொடியின் ஒரு முனையை மின்கம்பத்திலோ அதன் ஸ்டே கம்பியிலோ கட்டியிருந்தால் இன்றே அவிழ்க்கச் சொல்லுங்கள். கம்பி அறுந்தாலோ கம்பம் சாய்ந்தாலோ அழைக்க, மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987.

கிணறும் குழியும்

2019 அக்டோபரில் மணப்பாறை அருகே வீட்டை ஒட்டியிருந்த கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் 2 வயதுக் குழந்தை விழுந்ததை நாடே நான்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட கிணறுகளைத் தரைமட்டம்வரை நிரப்பவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் ஊராட்சிகளுக்கு 2015-ல் விதிகளும் வந்தன. உங்கள் தெருவில் தண்ணீர் வராத போர் எத்தனை என்று வார்டு உறுப்பினருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சாக்கைக் கட்டி மூடியதை மூடியதாகக் கணக்கெடுக்காதீர்கள். தரைத் தொட்டிக்குப் பிள்ளை தூக்க முடியாத மூடி போடுங்கள். ஒரு சாண் தண்ணீர் உள்ள வாளியும் தவழும் குழந்தைக்கு ஆழம்தான்.

முதியோர்

பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் படுக்கையிலிருந்து சடாரென்று எழுந்தால் தலை சுற்றும். மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடம் “அப்பாயி ராத்திரி வெளிக்குப் போறப்ப தள்ளாடுறாங்க” என்று சொல்லுங்கள். மருத்துவரிடம் சொல்லி நேரத்தையோ அளவையோ மாற்ற வழி இருக்கிறது. கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். கொல்லைக் கழிப்பறைச் சுவரில் ஓர் இரும்புக் குழாய்ப் பிடி, வழியில் ஒரு பல்பு. பாசியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேயுங்கள். அதோடு கழிப்பறை ஆசிட்டைச் சேர்த்து ஊற்றக்கூடாது, வருவது விஷவாயு. ஐப்பசி அடைமழையில் ஊறிய மண்சுவரை ஒட்டி யாரையும் படுக்கவைக்காதீர்கள். சுவரில் புது வெடிப்பு தெரிந்தால் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்குச் சொல்லுங்கள்.

நோட்டில் ஏற்றுவது

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானம் “வீட்டுப் பாதுகாப்பை மேம்படுத்த வேண்டும்” என்று பொதுவாக இருந்தால் யாரும் எதுவும் செய்யமாட்டார்கள். பொதுப் பூச்சி மருந்துக் காப்பறைக்கு இன்ன இடம், நிரப்பவேண்டிய போர் இன்னின்ன தெருவில், சாய்ந்த மின்கம்பம் இன்ன எண் என்று எழுதிக் கொடுங்கள். கிராம சுகாதாரம், குடிநீர், துப்புரவு, ஊட்டச்சத்துக் குழுவுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை தனி நிதி உண்டு. நிதி கேட்கும் தீர்மானத்தைக் கிராம சுகாதார செவிலியரோடு சேர்ந்து எழுதுங்கள்.

கங்கைகொண்ட சோழபுரம் கோவிலைச் சுற்றியுள்ள வீடுகளுக்கு ஒரு தனிச் சிக்கல். 2010 சட்டத் திருத்தப்படி நினைவுச் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர்வரை அனுமதி பெற்றுத்தான் கட்ட முடியும். உலகப் பாரம்பரியச் சின்னத்தின் நிழலில் இடிந்த சுவரோடு காலம் தள்ளவேண்டும் என்று இதைப் பலர் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்க உரிய அனுமதி பெற்றுச் செய்யலாம். விண்ணப்பத்தில் வெடித்த சுவரின் படத்தை இணையுங்கள்.

செவிலியரும் தன்னார்வலரும் கேட்கவேண்டியது ஒரு தாளில் அடங்கும்: பூச்சி மருந்து எங்கே, யார் தரையில் படுக்கிறார்கள், கேஸ் குழாய்த் தேதி என்ன, டிரிப்பர் உண்டா, தொட்டிக்கு மூடி உண்டா, பெரியவருக்குக் கைப்பிடி உண்டா. ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதி போட இரண்டு கட்டம் விடுங்கள். முதல் கட்டம் பார்த்த நாளுக்கு, இரண்டாவது கட்டம் சரிசெய்த நாளுக்கு. இரண்டாவது கட்டம் மூன்று மாதமாகக் காலியாக இருக்கும் வீடுகளின் பட்டியலை அடுத்த கிராம சபைக்கு எடுத்துப் போங்கள். கைக்காசு இல்லாமல் நின்றுபோன வேலை எவை, கவனமின்றி நின்றவை எவை என்பதை அங்கேயே பிரித்துவிடலாம்.